பதினாறு ஓட்டைகள்

2023 நவம்பர் 14ஆம் திகதி செவ்வாய்க்கிழமை காலை பத்து மணியளவில், பலேர்மோ நகரின் தென்கிழக்கு ஓரத்தில், சியாகுல்லித் தோட்டங்களுக்குப் போகும் தெருவில் உள்ள பழைய பள்ளிக்கூடத்தின் பெண்பிள்ளைகள் வாசலுக்கு மேலிருந்து ஒரு கல் பெயர்ந்து விழுந்தது. ஒருவருக்கும் காயமில்லை.

கல் முப்பது கிலோவாவது இருக்கும். காவலாளி கொட்வின் அதை ஒற்றைச் சில்லு வண்டியில் ஏற்றிச் சுவரோரமாகக் கொண்டுபோய் வைத்தார். வாசலில் சிந்திய மணலைக் கூட்டி அள்ளினார். பிறகு பங்குச் சுவாமியாருக்குத் தொலைபேசி எடுத்தார். சுவாமியார் வியாழக்கிழமை கட்டடம் பார்க்க ஆள் வரும் என்றும், அதுவரை அந்த வாசலால் ஒருவரும் போகக்கூடாது என்றும் சொன்னார்.

கட்டடம் பங்குக்குச் சொந்தமானது. 1911 என்று இரண்டு வாசல்களுக்கும் நடுவில் ரோம இலக்கத்தில் வெட்டியிருக்கிறது. எலுமிச்சைத் தோட்டங்களில் கூலிக்கு நின்றவர்களின் பிள்ளைகளுக்காகக் கட்டியது. மாடி இல்லை. தெருவைப் பார்த்தபடி நீளமாகக் கிடக்கும் ஒரே கட்டடம். இடது முனையில் ஆண்பிள்ளைகளுக்கு ஒரு வாசல், வலது முனையில் பெண்பிள்ளைகளுக்கு ஒரு வாசல். எது யாருடைய வாசல் என்பதும் கல்லில் வெட்டப்பட்டிருக்கிறது. உள்ளே நடுவில் இருந்த சுவரை எழுபதுகளில் இடித்து ஒரே மண்டபமாக்கிவிட்டார்கள். வாசல்கள் மட்டும் பிரிந்தபடியே நிற்கின்றன.

நிலத்திலிருந்து மூன்று படி ஏறித்தான் உள்ளே போகவேண்டும். தரைக்குக் கீழே காற்றுப் போக இடம் விட்டிருக்கிறார்கள். ஜன்னல்கள் உயரமானவை, அவற்றின் அடிக்கட்டும் உயரம். வாங்கில் இருக்கும் பிள்ளைக்கு அதனூடாக வானம் மட்டுமே தெரியும், தெருவில் போகும் கழுதை தெரியாது. பெரிய ஜன்னல்கள் எல்லாம் பிள்ளைகளின் இடதுகைப் பக்கம் வரும்படி வைத்திருக்கிறார்கள், எழுதுகிற கையின் நிழல் கொப்பியில் விழாமல் இருக்க. கூரை மண்டபத் தரையிலிருந்து ஐந்து மீற்றர் உயரம். எட்டுப் பெரிய மர உத்திரங்கள், ஊர்ப்பேச்சில் தீராந்திகள், ஒரு சுவரிலிருந்து மறுசுவருக்குப் போகின்றன. அந்தக் காலத்தில் காசநோய்க்குப் பயந்து, ஒரு பிள்ளைக்கு இவ்வளவு காற்று என்று கணக்கு வைத்துக் கட்டினார்கள். சுவர்கள் மஞ்சள் நிறமான மெதுமையான கல். நகத்தால் சுரண்டினால் தூள் வரும். உற்றுப் பார்த்தால் உள்ளே சிப்பித் துண்டுகள் தெரியும்.

பின்பக்கம், தனிக் கூரையோடு, இரண்டு அறையும் ஒரு குசினியும். அது ஆசிரியை குடியிருந்த பகுதி. அங்கேதான் கொட்வினும் மனைவி மொனிகாவும் மகள் றெபேக்காவும் 2015இலிருந்து இருந்தார்கள். கொட்வினும் மொனிகாவும் மன்னார் பேசாலையைச் சேர்ந்தவர்கள். கொட்வின் காலையில் இரண்டு தொடர்மாடிகளில் படி கழுவுவார். மன்டரின் தோடம்பழக் காலத்தில் தோட்டத்துக்குப் போவார். வாடகைக்குப் பதிலாகப் பள்ளிக்கூடத்தைப் பார்த்துக்கொள்வார். அங்கே இப்போது பள்ளிக்கூடம் நடப்பதில்லை. சனிக்கிழமைகளில் மட்டும் தமிழ்ப் பிள்ளைகள் இருபத்தாறு பேர் மறைக்கல்விக்கும் தமிழ் வகுப்புக்கும் வருவார்கள்.

மொனிகா அங்கிருந்து பத்து நிமிடம் பஸ்ஸில் போகும் தூரத்தில் ஒரு வயதான இத்தாலிய அம்மாவை, சினோறாவை, பார்த்துக்கொண்டார். காலை ஆறு மணிக்கு அவரைத் தூக்கி இருத்தவேண்டும். இரவில் நிற்கும் பெண் ஆறு மணிக்கு ஒரு நிமிடம் பிந்தாமல் போய்விடுவார்.

புதன்கிழமை ஷிரோக்கோ அடித்தது. ஆபிரிக்காவிலிருந்து வரும் அந்தக் காற்றில் வானம் செம்மண் நிறமாக இருந்தது. கொடியில் போட்ட உடுப்புகளை மொனிகா இரண்டாம் முறை அலசினார். பின்னேரம் மழைத்துளி விழத் தொடங்கியபோது கொட்வினின் கூட்டாளி டெனிஸ்டன் வந்தார். அவர் ஒரு சிசிலியக்காரரிடம் பெயின்ற் அடிக்கும் வேலை செய்பவர். மொனிகா நீத்துப்பெட்டியில் பிட்டு அவித்துக்கொண்டிருந்தார். பக்கத்து அடுப்பில் சூடைமீன் குழம்பு கொதித்தது.

“கல்லு விழுந்ததுக்கு நீ ஏன் மச்சான் மூஞ்சையைத் தொங்கப் போட்டுக்கொண்டு இருக்கிறாய்? உன்ர தலையிலையே விழுந்தது?” என்றார் டெனிஸ்டன்.

“தலையில விழுந்திருந்தா நல்லம்,” என்றார் மொனிகா. “ஆஸ்பத்திரியில ஒரு கட்டிலாவது குடுத்திருப்பாங்கள். வீடு தேடத் தேவையில்லை.”

“அக்கா, ஆர் உங்களை எழும்பச் சொன்னது?”

“நாளைக்குச் சொல்லுவினம்.”

“நாளைக்கு வாறது ஒரு பொம்பிளை,” என்றார் கொட்வின். “கட்டடம் படிச்ச ஆள். சுவாமி சொன்னவர்.”

“பொம்பிளையோ? அப்பப் பயமில்லை. நல்ல பிளேன்ரீ ஒண்டு ஊத்திக் குடு. நான் வேலைத்தலத்தில எத்தினை பேரைப் பாத்திட்டன். உவை கல்லைத் தட்டிப் பாப்பினம், போனிலை படம் எடுப்பினம், உடுப்பிலை தூசி பட்டிட்டுது எண்டு போயிடுவினம்.”

றெபேக்கா மேசையில் பாடப் புத்தகத்தோடு இருந்தாள். அவளுக்குப் பதினேழு வயது. “மாமா, அப்பிடி இல்லை,” என்றாள். “அவ பாத்திட்டு ஒரு அறிக்கை, றெலாட்சியோனே, எழுதுவா. அதை நகரசபைக்கு, கொமூனேக்கு, அனுப்புவினம். இருக்கலாம் எண்டு எழுதினா இருக்கலாம். இனாஜிபிலே எண்டு எழுதினா வெளியில.”

“என்ன பிலே?”

“ஆக்கள் இருக்கக்கூடாது எண்டு.”

“உந்தச் சொல்லை வாயில எடுக்காத பிள்ளை,” என்றார் மொனிகா. “வீடு கேட்டு நாங்க எத்தினை படி ஏறி இறங்கினது எண்டு உனக்குத் தெரியாது. தமிழர் எண்டா சமைக்கிற மணம் எண்டுவான். பிள்ளை இருக்கு எண்டா சத்தம் எண்டுவான். இஞ்சை வந்த பிறகுதான் நான் மிளகாய் வறுத்தனான்.”

“வறுத்து, சுவர் முழுக்க இருமுது,” என்றார் டெனிஸ்டன். ஒருவரும் சிரிக்கவில்லை. அவரே பிட்டை எடுத்துக் கோப்பையில் போட்டுக்கொண்டார். “சுவரைப் பாத்தா அவளுக்குத் தெரியும், ஆர் வைச்சிருக்கிறது எண்டு. இந்தத் தெருவில இப்பிடி ஒரு சுவர் காட்டட்டும் பாப்பம்.”

அது உண்மை. பேசாலையில் நத்தாருக்கு வீடு வெள்ளையடிக்காத குடும்பம் இல்லை. கொட்வினின் சிறுவயதில் அது சிப்பி சுட்ட சுண்ணாம்பு. வெளிநாட்டுக் காசு வரத் தொடங்கியபிறகு சுண்ணாம்பு மதிலுக்கும் சவக்காலைக்கும் என்று ஆனது. வீட்டுக்குப் பெயின்ற். பள்ளிக்கூடத்துக்கு வந்த முதல் மார்கழியில், முந்தியவர்கள் பூசிய சுண்ணாம்பு உதிர்ந்துகொண்டிருந்ததைப் பார்த்துக் கொட்வினுக்கு வெட்கமாக இருந்தது. அடுத்த நத்தாருக்கு, டெனிஸ்டன் கொண்டுவந்து கொடுத்த வாளிகளோடு, தெருப்பக்கச் சுவரைக் கழுவி, சுரண்டி, மழைத்தண்ணீர் ஏறாத நல்ல பெயின்ற் இரண்டு பூச்சு அடித்தார். பின்சுவருக்கும் அப்படியே. அதன்பின் ஒவ்வொரு நத்தாருக்கும் அடித்தார். வெண்ணெய் நிறம், அடியில் ஒரு முழ அகலத்துக்கு மண்ணிறப் பட்டி. சுவாமியார் பூசையில் பெயர் சொல்லி நன்றி சொன்னார். தெருவில் உள்ளவர்கள் நின்று பார்த்தார்கள்.

டெனிஸ்டன் போனதும் கொட்வின் விளக்குமாறை எடுத்துக்கொண்டு மண்டபத்துக்குப் போனார். மூன்றாவது உத்திரம் தெருச்சுவருக்குள் போகும் இடத்துக்கு நேர் கீழே, தரையில் மண்ணிறமான தூள் கிடந்தது. கோப்பித் தூள் மாதிரி. இரண்டு மாரியாக அது விழுகிறது. சனிக்கிழமைப் பிள்ளைகள் வருவதற்கு முன் அவர் அதைக் கூட்டி அள்ளிப் பூமரத்துக்குள் போட்டுவிடுவார். மொனிகாவுக்கும் சொன்னதில்லை, சுவாமியாருக்கும் சொன்னதில்லை. மரத்தைத் துளைக்கும் உளுவான் என்று நினைத்தார். அன்றும் கூட்டி அள்ளினார்.

வியாழக்கிழமை ஒன்பது மணிக்குக் கட்டடக் கலைஞர் வந்தார். நாற்பது வயது இருக்கும். மழைச் சப்பாத்து, கையில் ஒரு சின்ன ரப்பர்ச் சுத்தியல், தோளில் பை. மொனிகா வேலைக்குப் போயிருந்தார். றெபேக்கா மொழிபெயர்ப்பதற்காகப் பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் நின்றாள். கொட்வினுக்குப் பத்தொன்பது வருட இத்தாலியன் இருந்தது. ஆனால் அது படி கழுவும் இத்தாலியன், தோட்டத்து இத்தாலியன். கட்டடத்தைப் பற்றிக் கதைக்க அவருக்குச் சொல் போதாது.

அந்தப் பெண் விழுந்த கல்லை முதலில் பார்த்தார். அதில் ஒட்டியிருந்த பெயின்ற்றை நகத்தால் கிளப்பினார். பிலாஸ்ரிக் பை மாதிரி அது ஒரே தோலாக உரிந்து வந்தது. பின்னாலிருந்த கல் ஈரமாக, கடல் மணலாக உதிர்ந்தது. சுவர் நெடுகத் தட்டிக்கொண்டு போனார். சில இடத்தில் கல்லின் சத்தம் வந்தது, சில இடத்தில் வெறும் பெட்டியின் சத்தம் வந்தது. உள்ளே வந்து ஜன்னல்களை அண்ணாந்து பார்த்தார். படியில் ஏறி இறங்கினார். முகம் கொஞ்சம் இளகியது.

“இந்தப் பள்ளிக்கூடம் வடிவாம் அப்பா,” என்றாள் றெபேக்கா. “அந்த நேரம் றோமிலயிருந்து ஒரு மாதிரிப் படம் வந்ததாம். அதை வைச்சுக் கட்டினதுகளில மிச்சம் இருக்கிறது கொஞ்சமாம். இவ்வளவு துப்புரவா வைச்சிருக்கிறது இதுதானாம்.”

“சொல்லு, ஒவ்வொரு நத்தாருக்கும் நாங்கதான் பெயின்ற் அடிக்கிறது எண்டு.”

றெபேக்கா சொன்னாள். கட்டடக் கலைஞர் தலையாட்டிவிட்டுக் குறிப்புப் புத்தகத்தில் எழுதினார். பெயின்ற் ஈரத்தை உள்ளே பூட்டிவிடும், சுண்ணாம்புதான் இந்தக் கல்லுக்கு, ஆனால் எல்லா இடத்திலும் இந்தப் பிழை விடுகிறார்கள் என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கொட்வின் தன் கைகளைப் பார்த்தார்.

பிறகு கட்டடக் கலைஞர் தெருவுக்கு இறங்கி, எதிர்ப்பக்கத்தில் நின்று கூரையடியை நெடுநேரம் பார்த்தார். பையிலிருந்து ஒரு பழைய வரைபடத்தின் பிரதியை எடுத்து விரித்தார். விரலால் ஒன்றைக் காட்டி றெபேக்காவிடம் நிறையக் கதைத்தார். றெபேக்கா முதலில் தலையாட்டிக் கேட்டாள். பிறகு தலையாட்டுவதை நிற்பாட்டினாள்.

“என்ன சொல்லுறா?” என்றார் கொட்வின்.

“ஒண்டுமில்லை அப்பா. வாசல் கல்லு மட்டும்தான் பிரச்சினையாம். முட்டுக் குடுத்து, அந்தப் பக்கம் கட்டையால மறைச்சு விட்டாக் காணுமாம். நாங்க இருக்கலாமாம்.”

“படத்தில என்னத்தைக் காட்டினவ?”

“அது வேற.”

“பூக்கி எண்டு சொன்னவ. ஓட்டை எண்டு எனக்கு விளங்கும் பிள்ளை.”

றெபேக்கா அந்தப் பெண்ணைப் பார்த்துச் சிரித்துவிட்டு, குரலைத் தாழ்த்தினாள். “படத்தில கூரைக்குக் கீழ ஓட்டை இருக்கு. ஒவ்வொரு உத்திரத்துக்கும் ரெண்டு பக்கமும் ஒண்டு. மரத்தின்ர முனை சுவருக்குள்ள இருக்கெல்லோ, அதுக்குக் காத்துப் போக விடுறதாம். இஞ்சை ஓட்டை இல்லை, அப்ப இதைக் கட்டினவை வேற விதமாக் கட்டியிருப்பினம், மரத்துக்கு இரும்புச் சப்பாத்துப் போட்டிருப்பினம் எண்டு நினைக்கிறா. அப்பிடியெண்டா உத்திரம் பயமில்லை எண்டு எழுதப் போறா. அப்பா, சும்மா இருங்கோ. அவ எழுதி முடிக்கப் போறா.”

கொட்வின் சுவரைப் பார்த்தார். ஏழு நத்தார்ப் பெயின்ற்றுக்குக் கீழே எது எங்கே இருக்கிறது என்று அவரால் கண்ணை மூடிக்கொண்டு சொல்லமுடியும். ஓட்டைகள் கை நுழையும் அளவு. கொத்தனார்கள் சாரம் கட்டிய தடியின் ஓட்டைகளை அடைக்காமல் விட்டுப் போயிருக்கிறார்கள் என்றுதான் நினைத்தார். சிட்டுக்குருவிகள் உள்ளே கூடு கட்டிப் புதுப் பெயின்ற்றில் எச்சம் போட்டன. ஓட்டை விழுந்த சுவருக்குப் பெயின்ற் அடித்து நத்தார் கொண்டாட அவருக்கு மனம் வரவில்லை. தெருப்பக்கம் எட்டும் பின்பக்கம் எட்டும் சீமெந்தால் அடைத்து, தேய்த்து மட்டம் பிடித்தார். அப்போது றெபேக்காவுக்குப் பத்து வயது. ஏணியடியில் நின்று சீமெந்துக் கோப்பையை எடுத்துக் கொடுத்தவள் அவள்தான்.

“மரம் மூச்சு விடவோ?” என்றார்.

“ஓம்.”

“சனிக்கிழமை எத்தினை பிள்ளையள்?”

“அப்பா, ப்ளீஸ்.”

“மூண்டாவது தீராந்திக்குக் கீழ ஆர் இருக்கிறது?”

கட்டடக் கலைஞர் பேனையை மூடியபடி இருவரையும் பார்த்தார். “கே சுச்சேதே?” என்றார். என்ன நடக்கிறது என்று.

“சின்ன வகுப்பு,” என்றாள் றெபேக்கா தமிழில். “வேணுமெண்டா நான் வாங்குகளை இழுத்து அங்கால போடுறன். சத்தியமா. ஒவ்வொரு சனியும் போடுறன்.”

“அங்காலயும் தீராந்திதானே.”

கொட்வின் பின்னுக்குப் போய் அலுமினிய ஏணியைக் கொண்டுவந்தார். சுத்தியலும் உளியும் ஒரு நீளத் திருப்புளியும் காற்சட்டைப் பைக்குள் இருந்தன. மூன்றாவது உத்திரத்துக்கு நேரே ஏணியைச் சாத்தி ஏறினார். கட்டடக் கலைஞர் ஏதோ சொல்லி ஏணியடிக்கு வந்து பிடித்துக்கொண்டார். கொட்வின் பெயின்ற் தோலைக் கிழித்து, சீமெந்தை உளியால் உடைத்தார். அது அவர் அடைத்த சீமெந்து, நன்றாக இறுகியிருந்தது. சுற்றியிருந்த கல் இறுகவில்லை, அடிக்கு அடி மணலாகக் கொட்டியது. ஓட்டை திறந்ததும் காளான் மணம் கீழே நின்றவர்களுக்கும் வந்தது.

அவர் திருப்புளியை உள்ளே விட்டு மரத்தில் குத்தினார். அது பிடிவரைக்கும் போனது. இழுத்தபோது மண்ணிறத் தூள் கையில் வந்தது. கீழே இறங்கி அந்தப் பெண்ணிடம் கையை விரித்துக் காட்டினார்.

“யார் அடைத்தது?” என்று அந்தப் பெண் கேட்டார்.

“இயோ,” என்றார் கொட்வின். நான்.

“எந்த வருடம்?”

“2016. டிசம்பர்.”

அவர் எழுதிக்கொண்டார். மற்றவற்றையும் திறக்க முடியுமா என்று கேட்டார். கொட்வின் மத்தியானம் வரைக்கும் தெருப்பக்கத்தில் இன்னும் நான்கு ஓட்டைகளைத் திறந்தார். அளவெடுக்காமல், தேடாமல், ஒவ்வொன்றையும் முதல் அடியிலேயே கண்டுபிடித்தார். அவற்றில் ஒன்றில்தான் மரம் திடமாக இருந்தது. றெபேக்கா ஏணியைப் பிடித்தபடி நின்றாள். கட்டடக் கலைஞர் போகும்போது கொட்வினுக்குக் கைகொடுத்தார். மண்டபத்துக்குள் இனி ஒருவரும் போகவேண்டாம், தன் அறிக்கை நாளைக்கே போய்விடும் என்றார்.

மொனிகா மூன்று மணிக்கு வந்தார். தெருவில் நின்றே சுவரைப் பார்த்தார். வெண்ணெய் நிறத்தில் ஐந்து கறுப்பு ஓட்டைகள், அவற்றுக்குக் கீழே ஒழுகிய மண். குசினிக்குள் வந்து பையை வைத்துவிட்டுக் கதிரையில் இருந்தார். கால் வீங்கியிருந்தது. சப்பாத்தைக் கழற்றவில்லை.

“பிள்ளை போனில சொன்னவள்,” என்றார். “நீங்களாத்தான் ஏறினீங்களாம்.”

“ஓம்.”

“அவ கேக்கவே இல்லையாம்.”

“இல்லை.”

“அப்ப வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.”

“சனிக்கிழமை பிள்ளையள் வருங்கள் மொனிகா.”

“வரட்டும். வந்தா, சுவாமிட்டைப் போய்ச் சொல்லியிருக்கலாம்தானே, வகுப்பை வேற இடத்தில வையுங்கோ எண்டு. மண்டபம் குளிருது, ஓடு ஒழுகுது, எலி ஓடுது, என்னத்தையாவது. மண்டபத்தைப் பூட்டிப்போட்டு நாங்க பின்னால இருந்திருப்பம். எங்கட கூரை வேற. எங்கட கூரையில தீராந்தி இல்லை.”

“அது எனக்கு அந்த நேரம் வரேல்லை,” என்றார் கொட்வின்.

“வராது. ரெண்டு மாரியா அந்தத் தூளைக் கூட்டினீங்களே, அப்பவாவது எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா எனக்கு வந்திருக்கும்.”

“உமக்கு ஆர் சொன்னது தூளைப் பற்றி?”

“பூமரத்துக்கு நான்தானே தண்ணி ஊத்துறது.”

றெபேக்கா அறைக் கதவடியில் வந்து நின்றாள். “அம்மா, பின்பக்கத்தையும் பாக்க வேணும் எண்டு அவ எழுதியிருக்கிறா. எப்பிடியும் எழுப்பியிருப்பினம்.”

“எப்பிடியும் எண்டு ஒண்டு இருக்கோ? காலமை இருக்கலாம் எண்டவ, மத்தியானம் இருக்கேலாது எண்டுறா. இடையில நடந்தது உன்ர அப்பாவின்ர ஏணி மட்டும்தான்.” மொனிகா எழும்பி அடுப்பைப் பற்றவைத்தார். “நேற்றையான் குழம்பு கிடக்கு. சூடாக்கிறன். சாப்பிட்டிட்டு டெனிஸ்டனுக்கு அடிச்சுக் கேளுங்கோ, வான் ஆரிட்டை இருக்கு எண்டு.”

டெனிஸ்டன் தொலைபேசியில் நீளமாகக் கத்தினார். பெயின்ற் பிழையென்றால் அதைச் செய்த கொம்பனியைக் கேட்கட்டும், தான் நல்ல சாமான்தான் கொண்டுவந்தது என்றார். கொட்வின் குறுக்கிடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். “உன்னை ஆரும் ஒண்டும் சொல்லேல்லை மச்சான்,” என்றார் கடைசியில். “நான் கேக்கிறது வானை.”

“எத்தினையாம் திகதிக்கு?” என்றார் டெனிஸ்டன்.

வெள்ளிக்கிழமை அறிக்கை போனது. அடுத்த புதன்கிழமை உத்தரவு வந்து கதவில் ஒட்டப்பட்டது. மண்டபமும் பின் அறைகளும் பாவனைக்கு ஏற்றவையல்ல, பத்து நாளுக்குள் காலி செய்யவேண்டும் என்று இருந்தது. சுவாமியார் வந்து, திருத்தியபிறகு நீங்கள்தான் திரும்ப வருவீர்கள் என்றார். எப்போது திருத்துவது என்று மொனிகா கேட்டார். அதற்குப் பணம் கேட்டு எழுதவேண்டும் என்றார் அவர். மகன் வளர்ந்த பிறகு தங்கள் மேல்மாடியில் ஒரு அறை சும்மா கிடக்கிறது என்று பக்கத்து ஊரான பகேரியாவில் இருக்கும் தெரிந்தவர்களான அருளையாவும் மனைவியும் சொன்னார்கள். பொதுக் குசினி.

டிசம்பர் 2ஆம் திகதி சனிக்கிழமை மழையில் இரண்டு தடவை வான் ஓடியது. கட்டிலும் அலுமாரியும் அருளையா வீட்டு மாடிப்படி வளைவில் திருப்பி ஏற்ற முடியவில்லை. அவற்றைத் தெருவில் விட்டார்கள்.

பகேரியாவிலிருந்து முதல் ரயில் ஏறி, பலேர்மோ மத்திய ரயில் நிலையமான ஸ்தாசியோனே சென்ட்ராலேயில் இறங்கி, பஸ் பிடித்து ஆறு மணிக்குச் சினோறாவிடம் போய்ச்சேர முடியாது. மொனிகா ஒன்பது நாளும் பிந்தித்தான் போய்ச்சேர்ந்தார். டிசம்பர் 12ஆம் திகதி சினோறாவின் மகள் வேறு ஆள் பார்த்துவிட்டதாகச் சொன்னார். தமிழ் வகுப்பு தை மாதத்திலிருந்து பங்கின் கராஜில் நடந்தது. பதினேழு பிள்ளைகள் வந்தார்கள். ஜனவரி 22ஆம் திகதி கொட்வின் பகேரியா நகரசபைக்குப் போய், மூவருடைய பெயரையும் புதிய விலாசத்தில் பதிந்தார்.